கோணக்கத்திரி மொக்கையனும் குடை பிடிச்ச மீனும்

ஒரு மலை இருந்துச்சாம், மலைக்கு மேல அரண்மனை, மலைக்குக் கீழ ஆமணக்கம்பட்டின்னு ஒரு ஊரு, அந்த ஊர்ல மொக்கையன்னு ஒரு தையக்காரன் இருந்தானாம். சிரிக்காதீங்க, அந்தப் பக்கத்துல அது நல்ல பேருதான், அவங்க அப்பன் ஆசையா வச்ச பேரு.

அவனுக்கு நூல் கோக்கத் தெரியும், தையல் இறுக்கிப் போடத் தெரியும், ஒண்ணே ஒண்ணுதான் வராது, நேரா வெட்ட வராது. கத்திரியை எடுத்தான்னா அது வாய்க்காத் தண்ணி மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். நாட்டாமைக்குச் சட்டை தைச்சான், ஒரு கை முழங்கையோட நின்னுபோச்சு, இன்னொரு கை விரலைத் தாண்டித் தொங்குச்சு. கல்யாணப் பொண்ணுக்கு ரவிக்கை தைச்சான், தாலி கட்டி முடியிற வரைக்கும் அந்தப் பொண்ணு ஒரு தோளைத் தூக்கிக்கிட்டே உக்காந்திருந்துச்சு. பூசாரிக்குச் சுருக்குப்பை தைச்சான், அதுல வாயே இல்ல. அப்புறம் எவன் அவன்கிட்டத் துணி குடுப்பான்? கோணக்கத்திரின்னு பட்டப்பேருதான் குடுத்தாங்க.

அவன் பொண்டாட்டி பேரு வீரசின்னு, அவதான் களை எடுக்கப் போயி கஞ்சி ஊத்துனா. நாலு வயசுல காத்தாயின்னு ஒரு மக. அந்த வருசம் மார்கழி வந்துச்சு பாரு, உச்சிப் பொழுதுலயும் பனி விலகல, காத்தாயி கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கி உக்காந்திருக்கா. வீரசின்னு பாத்தா.

"ஏங்க, ஊருக்குத்தான் தைக்க வரல, பெத்த புள்ளைக்கு ஒரு போர்வை தைச்சா என்ன? போர்வைக்குக் கையா இருக்கு, கழுத்தா இருக்கு, கோணிப் போறதுக்கு?"

அட, இது சரியா இருக்கேன்னு அவளோட பழைய சேலையை மூணு மடிப்பா மடிச்சு விரிச்சான், துண்டுத்துணி மூட்டையை அவுத்தான், மகளைக் கூப்பிட்டான்.

"காத்தாயி, இதுல என்ன போடட்டும்?"

"நாய் போடு."

மஞ்சத்துணியில நாய் வெட்டுனான், ஒரு காலு நீளமாப் போச்சு.

"நாய்க்கு மேல மீனு ஒக்காரணும்."

"மீனு எதுக்கு ஆத்தா நாய் மேல ஒக்காருது?"

"சந்தைக்குப் போகுது."

சரின்னு மீனு வெட்டுனான், அது வாயைக் கோணிக்கிட்டு வந்துச்சு.

"மீனுக்குக் குடை குடு."

"மீனு தண்ணிக்குள்ளயே கெடக்குறது, அதுக்கு எதுக்குக் குடை?"

"இப்பதான் அது வெளிய வந்துருச்சுல்ல?"

அதுவும் சரிதானே! வீரசின்னுவோட சிவப்பு ரவிக்கைத் துணியில ஒரு குடை வெட்டி, மீனுக்குக் குடுத்து, சுத்தி ஓட்டுத்தையல் போட்டு முடிச்சான். காத்தாயி அதுக்குள்ள பூந்தவதான், சோத்துக்குக்கூட வெளிய வரல.

அப்புறம் என்ன, தெருப்புள்ளைக எல்லாம் துண்டுத்துணியோட வந்துருச்சுக. ஒருத்தன் வளையல் போட்ட எருமை கேட்டான், தைச்சுக் குடுத்தான். ஒருத்தி கோவணம் கட்டுன நிலா கேட்டா, தைச்சுக் குடுத்தான். ஒரு சின்னது, பேச்சே சரியா வராது அதுக்கு, "அம்மா வருது, அம்மா வருது"ன்னு மட்டும் சொல்லுச்சு. அவன் யோசிச்சுப் பாத்து, பெரிய புல்லுக்கட்டு ஒண்ணு தைச்சு, அதுக்கு அடியில ரெண்டு காலு தைச்சான். வயக்காட்டுல இருந்து அம்மா வர்றப்ப புள்ளைக்கு அம்புட்டுத்தானே தெரியும்? அது போர்வையை வாங்கி அந்தக் காலைக் கட்டிப் புடிச்சுக்கிச்சு. நேரா வெட்டுற கத்திரியா இருந்தா இதெல்லாம் வருமா சொல்லு? அந்த மார்கழியில ஆமணக்கம்பட்டியில ஒரு புள்ளைகூட இருமல.

இப்ப மலைக்கு மேல போவோமா? மேல மலைக்கொழுந்து ராசான்னு ஒரு ராசா. அவருக்கு ஒரே மக, வண்டார்குழலின்னு பேரு, அம்புட்டு நீளமா எவன் கூப்பிடுறது, எல்லாருக்கும் அவ வண்டுதான். அந்த வண்டு எந்தப் போர்வை போத்துனாலும் எட்டி உதைச்சுப்புடும். அரண்மனைத் தையக்காரரு நீலமேகம்னு ஒருத்தரு, பெரிய தலைப்பாக்கட்டு, பெரிய மீசை. அவரு பட்டுல அன்னம் தைச்சுக் குடுத்தாரு, "குத்துது"ன்னு உதைச்சுச்சு. சரிகையில மயில் தைச்சுக் குடுத்தாரு, "கனக்குது"ன்னு உதைச்சுச்சு. மறுபடியும் நூறு அன்னம் தைச்சுக் குடுத்தாரு, அது கொஞ்ச நேரம் பாத்துச்சு, அப்புறம் அதையும் உதைச்சுச்சு.

"ஏன் தாயி?"ன்னு ராசா கேட்டாரு.

"எல்லா அன்னமும் வரிசையில நிக்குதுப்பா. எங்கயுமே போக மாட்டேங்குது."

உதைச்சு உதைச்சுப் புள்ளைக்குச் சளி கட்டிக்கிச்சு. வைத்தியரு வந்து நெஞ்சுல காது வச்சுப் பாத்தாரு, முகம் சுருங்கிப் போச்சு. "மகாராசா, தை பொறக்குற வரைக்கும் புள்ளை போர்வைக்குள்ள சூடா இருந்தாகணும், இல்லைன்னா என் கையில இல்ல"ன்னுட்டாரு. ராசா நீலமேகத்தைப் பாத்து, "ஒரு வாரம் தர்றேன்"னு மட்டும் சொன்னாரு.

நீலமேகத்துக்குச் சோறு எறங்கல. கோணக்கத்திரி சங்கதி எப்படியோ காதுல விழுந்து, மீசையை இறக்கி விட்டுக்கிட்டு, தலையில அழுக்குத்துண்டைக் கட்டிக்கிட்டு, கீழ எறங்கி வந்தாரு.

"தம்பி, என் பேத்திக்குச் சளி. ஒரு போர்வை தைச்சுத் தரணும்."

"புள்ளையைக் கூட்டிட்டு வாங்கய்யா, கேட்டுத்தான் தைப்பேன்."

"அது எந்திரிச்சு நடக்குற நெலமையில இல்லப்பா."

"சரி, போர்வையைப் பாத்தா என்ன சொல்லும்?"

"அன்னம் எங்கயுமே போக மாட்டேங்குதுன்னு சொல்லும்."

மொக்கையன் சிரிச்சுட்டான். "படுத்தே கெடக்குற புள்ளைல்ல, அதுக்கு எங்கயாச்சும் போகணும்யா"ன்னு சொல்லி, எல்லாம் கெளம்பிப் போற மாதிரியே தைச்சான். ஆமை மேல பூனை ஒக்காந்து போகுது. காக்கா ரெண்டு வண்டி இழுத்துக்கிட்டுப் போகுது. மலையே செருப்பு மாட்டிக்கிட்டு நடந்து போகுது. மூணே நாளுல முடிச்சு, "புள்ளை சொகமானா அதுவே போதும்யா"ன்னு கையில குடுத்தான்.

நீலமேகம் அதை வாங்கிக்கிட்டு நேரா அரண்மனைக்குப் போயி, மீசையை முறுக்கி விட்டுக்கிட்டு, "மகாராசா, ராப்பகலா நானே தைச்சேன்"னாரு. கூசாம சொன்னாரு! வண்டு அந்தப் போர்வையைப் பாத்துச்சு, மலையோட செருப்பைத் தொட்டுச்சு, இழுத்துத் தலையோட மூடிக்கிச்சு. மூணு நாளுல சளி எளகிருச்சு. ராசாவுக்கு வந்த சந்தோசத்துல நீலமேகத்துக்குத் தங்கத்துல கத்திரி செஞ்சு குடுத்தாரு.

அதோட விட்டாரா? இல்லையே. மொக்கையன் பேரு மேல வந்துட்டா நம்ம கதை கந்தலாயிரும்னு பயம். ராசா காதுல போயி, "மகாராசா, அரண்மனைப் போர்வை மாதிரியே தெருப்புள்ளைகளும் போத்துனா நமக்கு என்ன மரியாதை?"ன்னு கேட்டாரு. ராசா மகளைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, என்ன ஏதுன்னு கேக்காம, தலையை ஆட்டிட்டாரு.

மறுநாளு தண்டோரா. இனிமே அரண்மனைத் தையக்காரரைத் தவிர எவனும் போர்வையில படம் தைக்கக் கூடாது, போத்தவும் கூடாது! சேவகருக வீடு வீடாப் போயி எருமையை உருவுனாங்க, நிலாவை உருவுனாங்க, புல்லுக்கட்டை உருவுனாங்க. அந்தச் சின்னது ரெண்டு காலையும் விடவே இல்ல, உருவுன சேவகனுக்கே கண்ணு கலங்கிப்போச்சு, அவன் வீட்டுலயும் புள்ளை இருக்கும்ல? காத்தாயியோட நாயும் போச்சு, மீனும் போச்சு, குடையும் போச்சு. மொக்கையனோட ஊசியையும் கத்திரியையும்கூட எடுத்துக்கிட்டாங்க. எட்டு நாளுல ஊர் முழுக்க லொக்கு லொக்குன்னு ஒரே இருமல்.

மேல என்ன நடக்குதுன்னா, வண்டு நீலமேகத்தைக் கூப்பிட்டுச்சு. "தையக்காரத் தாத்தா, பூனைக்குப் பசிக்குது. ஒரு மீனு தைங்க."

இது என்ன பெரிய காரியம்னு வெள்ளிச் சரிகையில ஒரு மீனு தைச்சாரு. "இது தட்டுல கெடக்குற மீனு"ன்னு தள்ளிருச்சு. கண்ணுக்குச் சிவப்புக் கெம்புக்கல் வச்சு இன்னொண்ணு தைச்சாரு. "இது என்னை முறைக்குது"ன்னு தள்ளிருச்சு. மூணாவதா செதிலை எல்லாம் எண்ணி எண்ணி ஒண்ணு தைச்சாரு. "இது பள்ளிக்கூடத்து மீனு"ன்னுருச்சு.

"ஏம்ப்பா நீலமேகம், நடக்குற மலையைத் தைச்சவனுக்கு ஒரு மீனு தைக்க வரலையா?"ன்னு ராசா கேட்டாரா, நீலமேகத்துக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. வீட்டுக்கு ஓடி, அங்க போட்டு வச்சிருந்த பறிச்ச போர்வை மூட்டையை அவுத்து, மீனைத் தேடி ஒவ்வொரு போர்வையையும் தாறுமாறா வெட்டிப் போட்டு, காத்தாயியோட மீனைக் குடையோட சேத்து வெட்டி எடுத்து, கொண்டாந்து ஒட்டிட்டாரு.

வண்டு கையைத் தட்டுச்சு. அப்புறம் குனிஞ்சு பாத்துச்சு. "மீனுக்கு அடியில மஞ்சளா என்ன இருக்கு?"

"அது... அது திண்டும்மா."

"திண்டுக்கு ஏன் வாலு இருக்கு?"

மனுசன் என்ன சொல்லுவாரு? "குளுருக்கு"ன்னாரு!

கீழ வீரசின்னுவுக்குப் பொறுக்கல. "புள்ளைக இருமுறதைக் கேட்டுக்கிட்டு நான் களை எடுக்கவா? எந்திரிங்க, மலைக்குப் போவோம்."

"ராசா முன்னாடி நான் என்னத்தைப் பேசுவேன் புள்ள?"

"நீங்க பேச வேணாம். கூட வாங்க."

தாய்மாரு எல்லாம் புள்ளைகளை இடுப்புல தூக்கிக்கிட்டு மலையேறுனாங்க. ராசா சபையில வண்டை மடியில வச்சு உக்காந்திருக்காரு, வண்டு போர்வைக்குள்ள இருக்கு, குடை மட்டும் வெளிய தெரியுது. காத்தாயி பாத்தாளோ இல்லையோ, ஒரே ஓட்டம்.

"ஏய், அது என் மீனு!"

"இல்ல, என் மீனு!"

"என் மீனுதான். அது நாய் மேல ஏறி சந்தைக்குப் போகுது. இங்க பாரு, நாயோட வாலு!"

வண்டு வாலைப் பாத்துச்சு, நீலமேகத்தைப் பாத்துச்சு. "தாத்தா, திண்டுன்னீங்க?"

 அழுக்குத்துண்டு கட்டிக்கிட்டு வந்து போர்வை வாங்கிட்டுப் போனது இந்த மனுசன்தான்னு வீரசின்னு ஒண்ணு விடாம நடந்ததைச் சொன்னா. நீலமேகம் மட்டும், "பட்டிக்காட்டுப் பொய் மகாராசா! இந்தக் கோணக்கத்திரிக்குச் சட்டையே தைக்கத் தெரியாது"ன்னு குதிச்சாரு.

"அப்ப ரெண்டு பேரும் இங்கயே தைங்க"ன்னாரு ராசா, மொக்கையன்கிட்டப் பறிச்ச ஊசியையும் கத்திரியையும் திருப்பிக் குடுக்கச் சொன்னாரு. "வண்டு, என்ன வேணும் கேளு."

"வெட்டுக்கிளிக்குக் கல்யாணம்."

நீலமேகம் தங்கக் கத்திரியை எடுத்தாரு. "நீளம் எத்தனை சாண், அகலம் எத்தனை சாண் மகாராசா?"

மொக்கையன் வண்டு முன்னாடி போயி குத்த வச்சு உக்காந்தான். "பொண்ணு யாரு தாயி?"

"பூசணிக்கா."

"பொண்ணு வீட்டுல சம்மதிச்சுட்டாங்களா?"

"பூசணிக்காவோட அப்பா மட்டும் அழுவுறாரு."

"ஐயோ பாவம். எம்புட்டு அழுவுறாரு?"

வண்டு ரெண்டு கையையும் விரிச்சு, "இம்புட்டு!"ன்னுச்சு. "அவருக்குத் துண்டு குடுப்பா, கண்ணு தொடைக்க"ன்னா காத்தாயி. மூணும் தரையில படுத்துக்கிட்டுப் பேசிப் பேசி வெட்டுதுக, ராசா தன்னை மறந்து சிம்மாசனத்தை விட்டு எறங்கி வந்து எட்டிப் பாக்குறாரு. இந்தப் பக்கம் திரும்புனா, நீலமேகம் துணியில பச்சையா நேரா ஒரு கோடு. அதுதான் வெட்டுக்கிளியாம்.

அப்புறம் என்ன மறைக்கிறது? கால்ல விழுந்து எல்லாத்தையும் ஒப்புக்கிட்டாரு. ராசா செறைன்னு சொல்ல வாயெடுத்தாரு, வீரசின்னு குறுக்க வந்துட்டா.

"செறையில போட்டா எங்க போர்வையை யாரு ஒட்டுறது மகாராசா? வெட்டுனவரே ஒட்டட்டும். அந்தந்தப் புள்ளை பாத்துட்டுச் சிரிக்கணும். சிரிச்சாத்தான் அந்தப் போர்வை முடிஞ்சதுன்னு அர்த்தம்."

"நியாயம்தான்"னாரு ராசா. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "கேக்காம தலையாட்டுன என் தலைக்கும் ஒரு வேலை வேணும்"னு சொல்லி, பறிச்ச போர்வை மூட்டையைத் தன் தலையிலயே தூக்கி வச்சுக்கிட்டு மலை எறங்குனாரு. கிரீடம் நசுங்குனதைப் பத்தி அவரு கவலைப்படல.

நீலமேகம் ஆமணக்கம்பட்டிப் புளியமரத்தடியில உக்காந்து தைச்சாரு. புள்ளைக சும்மா விடுமா? "எருமைக்கு வளையல் இறுக்குது, பிரிங்க"ம்பான் ஒருத்தன். "நிலாவுக்குக் கூச்சமா இருக்கு, கோவணத்தை இழுத்துக் கட்டுங்க"ம்பா ஒருத்தி. பிரிச்சாரு, தைச்சாரு, பிரிச்சாரு. தை போச்சு, மாசி போச்சு, பங்குனி வெயிலும் வந்துருச்சு. ஒருநாளு அந்தப் பேச்சு வராத சின்னது போர்வையைக் கொண்டாந்து, புல்லுக்கட்டுக்குப் பக்கத்துல இருந்த வெறுந்துணியைக் காட்டுச்சு. அளவு சொல்ல ஆளில்ல. மனுசன் கண்ணை மூடிக்கிட்டுக் கத்திரியை விட்டாரு. வந்தது நாயா பேயான்னு அவருக்கே தெரியல, நாலு மூலையும் நாலு பக்கம் இழுத்துக்கிட்டு நின்னுச்சு. பயந்துக்கிட்டே ஒட்டி நீட்டுனாரு.

சின்னது அதை உத்துப் பாத்துச்சு, அவரு முகத்தை உத்துப் பாத்துச்சு, அந்தத் துணி மேல விரலை வச்சு, "தாத்தா"ன்னு சிரிச்சுச்சு. அந்தப் பெரிய மீசைக்காரரு எந்திரிச்சு, வீடு வீடாப் போயி, "நான் தைச்சது, பாருங்க, நானே தைச்சது"ன்னு காட்டுனாராம். இந்தத் தடவை அது பொய்யில்ல.

புள்ளைக்குத் தைக்கணும்னா புள்ளைகிட்ட உக்காந்து கேட்டுத் தைக்கணும், அம்புட்டுத்தான். கதை மலையேறிருச்சு, கஞ்சி அடுப்பை விட்டு எறங்கிருச்சு, எல்லாரும் தட்டை எடுங்க.