கிளை கேட்ட பறவைகள்

ஒரு காட்டின் நடுவே ஏரி ஒன்று இருந்தது. அந்த ஏரியின் நடுவே பெரிய கடம்ப மரம் ஒன்று கிளை பரப்பி நின்றது. சுற்றிலும் தண்ணீர் இருந்ததால் நரியால் அதை நெருங்க முடியாது. அதனால் பறவைகள் எல்லாம் அங்கேதான் கூடு கட்டும்.

ஆனால் குழந்தைகளே, அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஆணும் பெண்ணும் ஜோடியாக வந்தால்தான் கிளை கிடைக்கும். அந்தச் சட்டத்தைக் காத்து வந்தது பறவைகளின் தலைவரான கூழைக்கடா. சாக்குப்போக்குச் சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை.

நெடுங்காலன், செவ்வலகன் என்று இரண்டு நாரைகள். இரண்டும் ஆண் பறவைகள். ஒன்றின்மேல் ஒன்று உயிரையே வைத்திருந்தன. மரத்தில் இடம் கொடுக்காததால் கரையோரப் புதரில்தான் குடித்தனம். தாயை இழந்த குஞ்சு ஒன்றையும் எடுத்து வளர்த்தன. அதற்கு இன்னும் பறக்கத் தெரியாது. எந்த நேரம் நரி வருமோ என்று நெடுங்காலனுக்கு ஒரே கவலை.

பக்கத்துப் புதரில் கருவிழி, நீலி என்ற இரண்டு பெண் நீர்க்காகங்கள் ஜோடியாக வாழ்ந்தன. ஒருநாள் நெடுங்காலனும் கருவிழியும் கிளை கேட்கப் போயின.

"தலைவரே, நாங்களும் குடும்பம்தான். மரத்தின் ஒழுங்கை மீற மாட்டோம். ஓரமாக ஒரு கிளை கொடுத்தால் போதும்" என்றது நெடுங்காலன்.

கருவிழிக்குச் சுருக்கென்றது. "ஓரமாக எதற்கு? தனியாக வாழும் பறவைக்கும் இங்கே இடம் வேண்டும். சட்டத்தையே எடுத்துவிடுங்கள்" என்றது.

கூழைக்கடா கண்ணை மூடி யோசிப்பதுபோல் பாவனை செய்தது. "எனக்கு ஆட்சேபணையே இல்லை. முதலில் நீங்கள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு பார்க்கலாம்" என்றது.

எவ்வளவு நியாயமான பேச்சு! இரண்டும் நம்பிவிட்டன. அன்று தொடங்கிய வாக்குவாதம் ஓயவே இல்லை.

"எல்லாவற்றையும் கேட்டால் எதுவுமே கிடைக்காது, கருவிழி. கொஞ்சம் அடக்கமாகக் கேட்போமே."

"உங்களுக்குக் கிளை கிடைத்ததும் எங்களை மறந்துவிடுவீர்கள், அண்ணா. எனக்குத் தெரியாதா?"

"கூழைக்கடாவோடு பேசியதைவிட நீ கருவிழியோடு சண்டை போட்டதுதான் அதிகம்" என்று செவ்வலகன் சொல்லிப் பார்த்தது. நெடுங்காலன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாலை சண்டை மும்முரமாக நடந்தபோது நரி பதுங்கிப் பதுங்கிக் குஞ்சை நெருங்கியது. முதலில் பார்த்தது கருவிழிதான். பேச்சைப் பாதியில் விட்டுப் பாய்ந்து நரியின் மூக்கில் கொத்தியது. நெடுங்காலனும் ஓடிவந்து குத்த, நரி ஓட்டம் பிடித்தது.

நெடுங்காலன் குஞ்சைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. அப்போது மரத்திலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. அங்கே அடுத்தடுத்துக் கூடு கட்டியிருந்த அரிவாள்மூக்கனும் பாம்புத்தாராவும் ஒரு குச்சிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தினமும் நடப்பதுதான். ஆனால் நெடுங்காலன் அன்றுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டது. அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிளம்பு கருவிழி, தலைவரைப் பார்ப்போம்."

"நாம் இன்னும் முடிவுக்கே வரவில்லையே?"

"வர வேண்டாம்."

இரண்டையும் கண்டதும் கூழைக்கடா, "என்ன, பேசி முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டது.

"இல்லை, தலைவரே. இவள் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொல்வது இவளுக்குப் பிடிக்கவில்லை. சரி, அரிவாள்மூக்கனும் பாம்புத்தாராவும் எதைப் பேசி முடித்துவிட்டுக் கிளை வாங்கினார்கள்?"

"நாங்களா? இன்றுவரை எதிலும் ஒத்துப்போனதில்லையே" என்றது அரிவாள்மூக்கன். பறவைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. கூழைக்கடா வாயைத் திறந்தது. சாக்கு எதுவும் அகப்படவில்லை. காலியாகக் கிடந்த இரண்டு கிளைகளைக் காட்டிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

நீலி குஞ்சைத் தன் முதுகில் ஏற்றி நீந்தி வந்து மரத்தில் சேர்த்தது.

சட்டத்தை அடியோடு எடுக்க வேண்டும் என்று கருவிழியும், பொறுமையாகத் திருத்தலாம் என்று நெடுங்காலனும் இன்றைக்கும் வாதாடிக்கொண்டுதான் இருக்கின்றன, பக்கத்துப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டு. அந்தச் சத்தத்திலும் குஞ்சு நிம்மதியாகத் தூங்குகிறது.

நீதி: உரியதைக் கேட்கும்போது "முதலில் ஒன்றுபட்டு வா" என்பவன், கொடுக்க மனமில்லாதவன்.