குலக்கத்தியைக் கவ்விய உறை

கூழைப்பாறைக் கோட்டைக்கு ராஜா திருமேனிராயர். தங்கமான மனுஷன். ஒரே ஒரு கோளாறு, யார் எதைச் சொன்னாலும் "சரி, அப்படியே ஆகட்டும்" என்று முதலில் தலையாட்டிவிடுவார், அப்புறம்தான் யோசிப்பார். அவருக்கும் சேர்த்து யோசிப்பதற்கென்றே சபையில் பெத்தண்ணன் என்று ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, குறும்புக் கண், வாயைத் திறந்தால் சபையே சிரிக்கும்.

ஆயுத பூசைக்கு எட்டு நாள் இருக்கும்போது, ராஜாவின் குலக்கத்தி உறையை எலி கடித்துக் குதறிவிட்டது. தளவாய் கொண்டல்ராயனுக்குக் கொண்டாட்டம். கோட்டைவாசலில் ஒச்சப்பன் வைத்திருந்த தோல் பட்டறையைத் தன் மச்சானுக்கு வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாளாகவே ஆசை.

"மகாராஜா, புது உறையை ஒச்சப்பனே செய்யட்டும். கவிழ்த்துப் பிடிச்சா கத்தி விழக்கூடாது, இழுத்தா சிக்கக்கூடாது. ஆனா குலக்கத்தியை உங்க கையைத் தவிர வேற கை தொடக்கூடாதுங்கிறது வழக்கம். தொட்டா அந்தக் கையை வெட்டணும். உறை சரியில்லேன்னா பட்டறையைக் காலி பண்ணணும்" என்றார்.

"சரி, அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. போச்சா!

ஒச்சப்பன் நேராகப் பெத்தண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"ஐயா, என் குடும்பமே தெருவுல நிக்கப்போவுது. பழைய உறையை வச்சு அளவெடுத்துத் தைச்சிடுவேன். ஆனா அந்தக் கத்தியில ரெண்டு வளைவு. வெறுமனே தைச்சா உறை இருக்கும், பிடிப்பு இருக்காது. தைச்ச தோலைத் தண்ணியில ஊறப்போடணும். குமிழி வர்றது நின்னதும் எடுக்கணும். கத்தியை எண்ணெய்த் துணியில சுத்தி உள்ள விட்டு, வளைவுக்கு வளைவு விரலால அமுக்கணும். கத்தியோடயே நிழல்ல காயணும். அப்பத்தான் கவ்வும். கத்தியைத் தொடாம நான் எதை அமுக்க?"

பெத்தண்ணன் மூக்கைச் சொறிந்தார். "அமுக்குறதுக்கு உன் கையேதான் வேணுமா ஒச்சப்பா?"

"யார் கையா இருந்தா என்னங்க? நான் சொன்னபடி அமுக்கினா சரி."

"அட, இதைச் சொல்றதுக்கா இவ்வளவு அழுகை? போய்த் தோலை ஊறப்போடு!"

பெத்தண்ணன் அரண்மனைக்குப் போனார். ராஜா தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"மகாராஜா, ஒரு கை இரவல் வேணும்."

"யார் கை?"

"குலக்கத்தியைத் தொட இந்த ஊர்ல ஒரே ஒரு கைக்குத்தான் உரிமை இருக்கு. அந்தக் கை. ஊறின தோலுக்குள்ள கத்தியை விட்டு அமுக்கணும்."

ராஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. "நானா? ஈரத்தோலையா? வெளியே தெரிஞ்சா மானம் போயிடுமேய்யா! நீ வாயைத் திறக்கக்கூடாது."

"சத்தியமா திறக்க மாட்டேன்."

மறுநாள் காலை, அந்தப்புரத்துப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. ராஜா அமுக்கினார். ஒச்சப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி நின்று சொன்னான். "மெதுவாங்க... ஐயோ, அங்க இல்லீங்க, வளைவுல... கட்டைவிரலை வச்சுத் தேயுங்க..." ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் மனுஷனுக்கு ஒரே உற்சாகம்! மந்திரி வந்து காத்திருக்கிறார் என்று சேதி வந்தபோதும், "இருக்கச் சொல்லு, தோல் காஞ்சிடும்" என்று எரிந்து விழுந்தார்.

அப்புறம் நாலு நாள் உறை நிழலில் காய்ந்தது.

ஆயுத பூசை அன்று சபை நிறைந்திருந்தது. ராஜா கத்தியை உறையில் செருகிக் கவிழ்த்தார். கத்தி அசையவில்லை. இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. சபை ஆரவாரம் செய்தது. கொண்டல்ராயனுக்கு மட்டும் முகம் கறுத்துவிட்டது. உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"மோசம் மகாராஜா! கத்தியை உள்ளே வச்சு அமுக்கினாத்தான் தோல் இப்படிப் பிடிக்கும். யாரோ தொட்டிருக்கான். வேலையாவது லட்சணமா இருக்கா? இங்க ஒரு கட்டைவிரல் பள்ளம், அங்க நகக்கீறல். எந்தத் தடிமாடு அமுக்குச்சோ! அந்தக் கையை வெட்டியே ஆகணும்."

"யார் கையா இருந்தாலுமா தளவாயே?" என்று அப்பாவியாகக் கேட்டார் பெத்தண்ணன்.

"எவனா இருந்தா என்ன? நானே வெட்டுறேன்!"

"அப்ப சுலபம். பள்ளம் இருக்கு, விரலை வச்சுப் பார்த்துட்டாப் போச்சு."

முதலில் ஒச்சப்பன் வைத்தான். உழைத்துத் தடித்த அவன் கட்டைவிரல் பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. பெத்தண்ணன் வைத்தார். குச்சிவிரல் உள்ளே லொடலொடவென்று ஆடியது. மந்திரி வைத்தார், புரோகிதர் வைத்தார், கடைசியில் தளவாயும் வைத்தார். ஒருவருக்கும் பொருந்தவில்லை.

"அப்ப யார்தான்யா அது?" என்று கத்தினார் கொண்டல்ராயன்.

பெத்தண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தார். சத்தியம் செய்தவர் அல்லவா!

ராஜா மெல்லச் சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். உறையை வாங்கினார். கட்டைவிரலை வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.



"கொண்டல்ராயா, வாளைக் கொண்டுவந்திருக்கியா?" என்று ராஜா கையை நீட்டினார்.

தளவாய் உறையை மறுபடி எட்டிப் பார்த்தார்.  "ம... மகாராஜா... அந்தப் பள்ளம்... நான் சரியாப் பார்க்கலை... அது பள்ளமே இல்லை, அபாரமான பூவேலை! அந்தக் கீறல்கூட... ஆகா, கொடி ஓடுற மாதிரி..."

"அப்படியா? மச்சானை மகாராஜாகிட்டத் தொழில் கத்துக்க அனுப்பிவைங்க!" என்றார் பெத்தண்ணன்.

சபை வெடித்துச் சிரித்தது. எல்லாரையும்விட ராஜாதான் அதிகம் சிரித்தார். பட்டறை இனி ஒச்சப்பன் வம்சத்துக்கே என்று அங்கேயே பட்டயம் எழுதச் சொன்னார். பெத்தண்ணனுக்கு ஒரு ஜோடிப் பட்டு கிடைத்தது.

அப்படியும் ராஜாவுக்கு ஒரு நமைச்சல். ஒச்சப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தளவாய் பேச்சை விடு. நீ தொழில் தெரிஞ்சவன். நிஜத்தைச் சொல்லு, என் வேலை எப்படி?" என்றார்.

ஒச்சப்பன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"முதல் வேலைக்குப் பரவாயில்லீங்க மகாராஜா. அடுத்த தடவை மட்டும் நகத்தை வெட்டிட்டு வாங்க."