பச்சை நாடா கட்டிய அறுபத்து மூன்று தாள்கள்

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், நமக்கு எதற்கு வம்பு? அங்கே கால்நடை மருத்துவப் படிப்பில் எல்லா இடங்களும் நிரம்பி, ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. மாலை நான்கு மணிக்குப் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டியாக வேண்டும். மணி ஒன்றரை ஆகிவிட்டது.

சேர்க்கைக் குழுத் தலைவர் பேராசிரியர் இசக்கியம்மாளுக்குக் காலையிலிருந்தே தலை விண்விண்ணென்று தெறித்தது. இந்தப் புது முறையைப் போன வருடம் சண்டை போட்டுக் கொண்டுவந்தவரே அவர்தான். ஒரு பிள்ளை எத்தனை மதிப்பெண் எடுத்தது என்பதோடு, எந்த நிலையில் இருந்து எடுத்தது என்றும் பார்க்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாதாடி, பின்புலத்துக்குப் பத்து மதிப்பெண் ஒதுக்க வைத்தார். கையேட்டின் முதல் பக்கத்தில் அவர் கைப்பட எழுதிக் கொடுத்த வரி இருக்கிறது: "விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரின் பின்புலப் பக்கமும் படிக்கப்படும்."

எழுதுவது சுலபம். விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்ததும் அலுவலகம் திணறியது. அப்போது ஒரு சுருக்குவழியை வாய்மொழியாகச் சொன்னவரும் அவர்தான். படிவத்தில் "முதல் பட்டதாரிச் சான்றிதழ் உள்ளதா?" என்று ஒரு கேள்வி. உண்டு என்றவர்களின் பின்புலப் பக்கத்தை மட்டும் படித்து மதிப்பெண் போட்டார்கள். இல்லை என்ற அறுபத்து மூன்று பேருக்கும் பின்புலம் சுழி. பட்டதாரி இருக்கிற வீடுதானே என்று, அவர்கள் தாள்களைப் படிக்காமலேயே பச்சை நாடாவால் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

கடைசி இடத்துக்கு, மொத்தத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு பெண்களைச் சான்றிதழ் சரிபார்க்க அழைத்திருந்தார்கள். ஜெனிட்டா, தூத்துக்குடியில் வலை பின்னுகிறவரின் மகள். மதிப்பெண் எண்பத்து நான்கு, பின்புலம் எட்டு, ஆகத் தொண்ணூற்றிரண்டு. மாரிச்செல்வி, சாத்தூர் பக்கம். மதிப்பெண்ணே தொண்ணூறு, ஆனால் அவள் தாள் பச்சை நாடாக் கட்டில் இருந்ததால் பின்புலம் சுழி. இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஜெனிட்டா கொண்டுவந்த எலுமிச்சைச் சோற்றை ஒரே டப்பாவில் பகிர்ந்து தின்றுகொண்டிருந்ததை இசக்கியம்மாள் ஜன்னல் வழியே பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாரிச்செல்வி உள்ளே வந்ததும் கேட்டார். "உங்க வீட்ல யாரும்மா டிகிரி முடிச்சது?"

"யாருமில்ல மேடம்."

"சான்றிதழ் இல்லைன்னு போட்டிருக்கியே?"

"அக்கா காலேஜ்ல சேரும்போது அதை வாங்கிட்டா மேடம். ஆறாவது மாசம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு, அக்கா நின்னுட்டா. ஒரு வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான்னு தாலுகா ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இருக்கான்னு கேட்டிருந்தீங்க, இல்லைன்னு போட்டேன்." அவள் எழுந்தாள், பிறகு தயங்கி நின்றாள். "இது கிடைக்கலன்னா திங்கக்கிழமை தீப்பெட்டி ஆபீஸ்ல வேலைக்குச் சேரணும் மேடம். அப்பா சொல்லி வச்சுட்டாங்க."

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தானே அத்தனை சண்டையும் என்று நினைத்தார் இசக்கியம்மாள்.

கதவு சாத்தியதும் குழுவின் மூத்தவர் சங்கரலிங்கம் ஆரம்பித்தார். "முறைன்னா முறைதான் மேடம். தொண்ணூத்திரண்டுக்குக் கீழதான் தொண்ணூறு. ஜெனிட்டாவுக்குக் கொடுத்துட்டுப் போவோம். அந்தப் புள்ள மட்டும் என்ன தப்பு பண்ணுச்சு?"

"கேள்வி நம்ம தப்பு, தண்டனை மாரிச்செல்விக்கா?" என்று சீறினார் இன்னொரு உறுப்பினர் தேவப்பிரியம். "அவ தாளை மட்டும் எடுத்துப் படிங்க. ஆறு மார்க்காவது கிடைக்கும். இடம் அவளுக்கு."

இசக்கியம்மாளின் மனசு முழுக்க மாரிச்செல்வி பக்கம்தான். அலமாரியைத் திறந்து பச்சை நாடாக் கட்டை எடுத்தார். ஒரு தாளை உருவ வேண்டுமென்றாலும் நாடாவை அவிழ்த்தாக வேண்டும். முடிச்சில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"அறுபத்து மூணையும் படிச்சுருவோம்" என்றார்.

"அவங்களை நாம கூப்பிடவே இல்லையே மேடம்! நாலு மணிக்குள்ள முடியுமா?" என்றார் சங்கரலிங்கம்.

"உங்க கையால அந்தப் பொண்ணுக்குக் குழி தோண்டாதீங்க" என்றார் தேவப்பிரியம்.

வேறொருத்தி முந்திவிட்டால் மாரிச்செல்விக்கு இடம் இல்லை என்பது இசக்கியம்மாளுக்குத் தெரிந்தே இருந்தது. முடிச்சை அவிழ்த்தார்.

இதுவரை கேட்டவரே, இனி உங்கள் முறை. மொத்த மதிப்பெண்ணில் முந்தியவளுக்குக் கொடுக்கச் சொன்ன சங்கரலிங்கம், கண்முன் வந்து சொன்னவளின் தாளை மட்டும் படிக்கச் சொன்ன தேவப்பிரியம், அறுபத்து மூன்றையும் படிக்கக் கட்டை அவிழ்த்த இசக்கியம்மாள்: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: இசக்கியம்மாள் செய்ததே சரி. கையேட்டின் முதல் பக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒவ்வொருவரின் பக்கமும் படிக்கப்படும் என்பதுதான் கொடுத்த வாக்கு. சங்கரலிங்கம் முறை என்று பிடித்துக்கொண்டது அலுவலகத்துக்குள் பேசிக்கொண்ட சுருக்குவழியை. தேவப்பிரியமோ ஒருத்திக்கு வாக்கைக் காப்பாற்றி, அறுபத்திரண்டு பேருக்கு முறிக்கப் பார்த்தார்.

நான்கடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது படித்து முடித்தார்கள். மாரிச்செல்விக்கு ஆறு கிடைத்து, தொண்ணூற்றாறு. கடையம் பக்கத்து வெயிலாச்சி என்ற பெண்ணுக்குத் தொண்ணூற்றேழு; எல்லாரிலும் அதுவே அதிகம், இடம் அவளுக்கு. அவள் அண்ணன் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் மாதமே இறந்துபோயிருந்தான்.

இசக்கியம்மாள் தானே பெஞ்சுக்குப் போய் இருவரிடமும் நடந்ததைச் சொன்னார். ஜெனிட்டா விம்மி அழுதாள். மாரிச்செல்வி அழவில்லை.

"நான் உள்ள வந்து சொல்லலன்னா அந்தக் கட்டை அவுத்திருப்பீங்களா மேடம்?"

"இல்லம்மா."

மாரிச்செல்வி டப்பாவை மூடி ஜெனிட்டாவிடம் கொடுத்தாள். "அப்ப அந்த வெயிலாச்சி அக்காவுக்குச் சீக்கிரம் போன் பண்ணுங்க மேடம். அவங்களும் எங்கயாவது வேலைக்குச் சேந்துறப் போறாங்க."

இசக்கியம்மாள் உள்ளே போய் வெயிலாச்சியின் தாளில் இருந்த போன் எண்ணைத் தேடினார்.