பாதி வெள்ளை மாடி

சித்திரை வெயில், பிற்பகல் ஒன்றே முக்கால் மணி. வேலூருக்கு வெளியே இருபத்தாறு வீடுகள் கொண்ட குடியிருப்பு. அதில் ஒரே ஒரு மாடி மட்டும் பாதி வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் பெயர் குப்புராஜ், வயது அறுபத்து மூன்று.

அவருடைய குரு பெனாசிருக்கு முப்பத்தாறு. கட்டடப் பொறியாளர். கரண்ட் அதிகம் செலவழிக்காமல் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஞாயிறுதோறும் வகுப்பு எடுப்பவர். அதைக் கேட்டுத்தான் குப்புராஜ் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார். பாதியில் குடியிருப்போர் சங்கத்தின் நோட்டீஸ் வந்தது. எல்லா மாடியும் கருஞ்சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்காவிட்டால் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்படும். இன்று வீட்டுக்கே விசாரணைக்கு வருகிறார்கள்.

வெள்ளைப் பாதிக்கு நேர் கீழேதான் அவர் மனைவி சிவகாமியின் அறை. பக்கவாதத்தில் படுத்திருப்பவர். போன கோடையில் அந்த அறையில் இரவு பகலாக ஏ.சி. ஓடியது. கரண்ட் போனால் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கும். இந்தக் கோடையில் மின்விசிறியே போதுமாக இருந்தது.

"மன்னிப்புக் கேட்டுடலாமா டீச்சர்?"

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"விதின்னு ஒண்ணு இருக்கே. அதை எதிர்த்து என்னன்னு பேசறது?"

வாழ்நாளெல்லாம் மேலதிகாரி கையெழுத்துக்குக் காத்து நின்றவர் அவர். குரல் அப்படித்தான் வந்தது.

"விசாரணைக்கு வர்றவங்களை மாடிக்கே கூட்டிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு பெனாசிர் மேலே போய் வெள்ளைப் பாதியில் நின்றுகொண்டார்.

சங்கத் தலைவர் தெய்வசிகாமணி இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். யாரும் சொல்லாமலே மூன்று ஜோடிச் செருப்பும் வாசலில் கழன்றன. வீட்டுக்குள்தான் மாடிப்படி.

படி போய் முடிவது சாம்பல் பாதியில். தலைவர் கம்பீரமாக மூன்று எட்டு வைத்தார். அப்புறம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். வெள்ளையில் போய்த்தான் நின்றார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே குதித்து வந்து சேர்ந்தார்கள்.

"என்னய்யா இது, தோசைக்கல்லா போட்டு வெச்சிருக்கீர்?"

"நீங்க சொன்ன பெயிண்டுதான் தலைவரே," என்றார் குப்புராஜ்.

ஒரு உறுப்பினர் சிரித்துவிட்டார். தலைவர் அவரை முறைத்தார்.

"மேம்பாலத்துல இருந்து பார்த்தா எல்லா வீடும் ஒரே மாதிரி தெரியணும். ஆளாளுக்கு ஒரு கலர் அடிச்சா இது குடியிருப்பா, சந்தையா? நாளைக்கே சுரண்டியாகணும்." சட்டைப் பையிலிருந்து உத்தரவை எடுத்து விரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் சார்." பெனாசிர் சாம்பல் தரையைக் காட்டினார். "உங்க விதி அங்க இருக்கு. அங்க போய் நின்னு படிங்க. முழுசாப் படிச்சு முடிச்சீங்கன்னா நானே சுரண்டித் தர்றேன்."

தலைவர் தரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். படிக்கவில்லை.

மே 11, ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் மீதிப் பாதிக்கும் சுண்ணாம்பு அடித்தார். விதி அப்படியே இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது.