காதோரத்துக் காவி

சேவுகப்பெருமாள் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. பெயர் உலகம்மை. மலையடிவாரத்தில் ஓடைக்கு மேல்புறம் ஒரு குடிசையில் தனியாக இருந்தார். ஆடு மாடு நாய் எதற்கு நோவு என்றாலும் சனங்கள் அங்கேதான் போவார்கள். மனசில் நோவு என்றாலும் போவார்கள்.

பன்றி குத்திக் குடல் சரிந்த ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு சேவுகரும் ஒருநாள் போனார். நாய் பிழைத்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வெறுங்கையோடு போய் உட்கார ஆரம்பித்தார். ஊர் சிரித்தது. "மக வயசுப் பொம்பளைக்குச் சீடனாம்" என்றது. சேவுகர் கண்டுகொள்ளவில்லை.

அவர் ஜமீனின் நாய்க்கொட்டடிக்குத் தலைவர். முப்பது வருடமாக அதே வேலை. அந்த ஜமீனின் வேட்டைநாய்கள் சுற்றுவட்டாரத்தில் பேர்பெற்றவை. ரோஜா நிற மூக்கு, தும்பைப்பூ உடம்பு. உடம்பில் ஒரு புள்ளி இருக்கக் கூடாது. புள்ளியோடு பிறந்த குட்டி கண் திறப்பதற்குள் ஆற்றோடு போய்விடும். கொண்டுபோய் விடுவது சேவுகர்தான்.

அந்தப் பங்குனியில் செண்பகம் என்ற பெட்டை ஐந்து குட்டி போட்டது. இரண்டு சுத்த வெள்ளை. மூன்றுக்குக் காதோரத்திலும் கண்ணைச் சுற்றியும் காவி நிறத்தில் திட்டு. ஒன்று என்றால் சேவுகர் வழக்கம்போல முடித்திருப்பார். மூன்று என்றதும் கை வரவில்லை. ஜமீன்தாரும் ஊரில் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து வாரம் ஓடிவிட்டது.

ஜமீன்தார் வந்ததும் முதலில் கொட்டடிக்குத்தான் வந்தார்.

"எந்தத் தெருநாயை உள்ளே விட்டீர்?"

"சத்தியமா இல்ல எசமான். அப்பன் நம்ம வெள்ளைதான். நானே பக்கத்துல நின்னேன்."

"வெள்ளைக்கும் வெள்ளைக்கும் கறை பிறக்குமா? சாயங்காலத்துக்குள்ள மூணையும் ஆத்துல விடும். நாளைக்குக் காலையில வந்து உண்மையைச் சொல்லும். சொல்ல முடியாதுன்னா வேலையை விட்டுப் போயிரும்."

பிரித்தால் கத்தும் என்று ஐந்தையும் ஒரே கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு சேவுகர் நடந்தார். ஆற்றுக்குப் போகிற பாதையும் ஓடைக்குப் போகிற பாதையும் ஒரு புளியமரத்தடியில் பிரியும். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஓடைப் பக்கம் திரும்பினார்.

உலகம்மை ஒரு கன்றுக்குப் புண் கழுவிக்கொண்டிருந்தார். சேவுகர் கூடையை இறக்கி வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"முப்பது வருசத்துல நான் பொய் சொன்னதில்ல அம்மா. இந்தக் கறை எங்கருந்து வந்துச்சு?"

உலகம்மை கையைத் துடைத்துக்கொண்டார். "உங்க சின்ன மகளுக்குப் பூனைக்கண்ணு இல்ல?"

"ஆமா."

"உங்களுக்குக் கறுப்பு. உங்க வீட்டுக்காரிக்கும் கறுப்பு. அது பிறந்தப்ப யாரும் உங்க வீட்டுக்காரியைச் சந்தேகப்படலியா?"

சேவுகருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தாவோட ஆத்தாளுக்கு அதே கண்ணு அம்மா. பார்த்தவங்க ரெண்டு பேரு அப்ப உசுரோட இருந்தாங்க. அவங்க வந்து சொன்னாங்க."

"செண்பகத்துக்கு வந்து சொல்ல ஆள் இல்ல" என்றார் உலகம்மை. "கோயில் மண்டபத்துச் சுவர்ல ஜமீனோட மூதாதை வேட்டைக்குப் போற படம் இருக்குல்ல? அதுல எத்தனை நாய்?"

"ஏழு. தினமும் பாக்கிறேனே."

"என்ன நிறம்?"

"வெள்ளை."

"போய்ப் பாத்துட்டு வாங்க. குட்டிங்க இங்க இருக்கட்டும்."

மண்டபத்தில் வெயில் சாய்வாக விழுந்திருந்தது. குதிரை மேல் ஜமீனின் மூதாதை. குதிரைக்கு முன்னால் ஏழு நாய்கள். அவற்றின் தலையில் அங்கங்கே பழுப்பு இருப்பதைச் சேவுகர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். மழை ஒழுகிச் சுவர் ஓதம் பிடித்த கறை என்று நினைத்திருந்தார். துண்டை நனைத்து மெல்லத் துடைத்தார். தூசி போயிற்று. பழுப்பு போகவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார். தூரிகையின் ஓரம் தெரிந்தது. ஒவ்வொரு மயிராக இழுத்து எழுதியிருந்தான் எழுதியவன். ஐந்து நாய்க்குக் காதோரத்தில் காவி.

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "அஞ்சு நாய் அம்மா. ஆதியிலேயே இருந்திருக்கு. அப்புறம் வெள்ளைதான் உசத்தின்னு எவன் சொன்னான்?"

"யாரோ ஒரு பெரிய மனுசனுக்கு வெள்ளை பிடிச்சிருக்கும். மத்ததை நீங்க ஆத்துல விட்டீங்க."

சேவுகர் குனிந்து கூடையைப் பார்த்தார்.

கூடைக்குள் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. உலகம்மை உள்ளே போய் ஒரு வெண்கலத் தாம்பாளத்தை எடுத்து வந்தார். கூடைக்குப் பின்னால் நின்று, கயிற்றில் தொங்கவிட்டு, கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

காவித் திட்டுக் குட்டிகள் மூன்றும் துள்ளி எழுந்து கத்தின. வெள்ளை இரண்டும் தூங்கிக்கொண்டே இருந்தன.

சேவுகர் கரண்டியை வாங்கித் தானே தட்டினார். இன்னும் ஓங்கித் தட்டினார். வெள்ளைக் குட்டிகளில் ஒன்று தூக்கத்தில் காலை நீட்டி மடக்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

"நிறம் தோலோட நிக்கிறதில்ல" என்றார் உலகம்மை. "காதுக்குள்ளயும் கொஞ்சம் வேணும். தலையில துளி நிறம் இல்லாம வெளுத்துப்போன குட்டிகள்ல சிலதுக்குக் கேக்காது. நீங்க வெள்ளையாவே வளக்க வளக்க, அந்தச் சிலது பலதாயிருச்சு."

சேவுகர் கரண்டியைக் கீழே வைத்தார். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "வைரவன்னு ஒரு நாய் இருந்துச்சு. பால் மாதிரி இருக்கும். எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. திமிருன்னு நினைச்சேன்."

"என்ன செஞ்சீங்க?"

"சவுக்கு எடுத்தேன். ரெண்டு வருசம்."

உலகம்மை தாம்பாளத்தைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டுக் கன்றுக்குப் புண் கட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலை சேவுகர் செண்பகத்தோடும் ஐந்து குட்டிகளோடும் ஜமீன்தார் முன்னால் போய் நின்றார். சுவரைப் பற்றிச் சொன்னார். காதைப் பற்றிச் சொன்னார். வைரவனைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். ஜமீன்தார் முட்டாள் அல்ல. துப்பாக்கியை எடுத்துவரச் சொல்லி, குட்டிகளுக்குப் பின்பக்கம் போய் வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

மூன்று குட்டிகள் அலறி ஓடிச் செண்பகத்தின் வயிற்றுக்கடியில் புகுந்தன. வெள்ளை இரண்டும் புல்லில் ஒரு சருகுக்காக இழுபறி போட்டுக்கொண்டிருந்தன.

ஜமீன்தார் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"நீர் சொன்னது சரிதான். உம்மைத் தப்பா நினைச்சுட்டேன். வேட்டைக்குக் காது வேணும். இனிமே காவி மூணும் இங்கேயே வளரட்டும்." பிறகு திரும்பி நடந்தபடியே சொன்னார்: "இந்த ரெண்டையும் ஆத்துல விட்டுட்டு வாரும்."

சேவுகர் இடுப்பிலிருந்த கொட்டடிச் சாவியைக் கழற்றிப் படியில் வைத்தார். இரண்டு குட்டிகளையும் தோள்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அவர் குடிசைக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். துண்டைப் பிரித்துக் குட்டிகளை நிழலில் விட்டார்.

"ஆத்துக்குப் போகலியா?" என்றார் உலகம்மை.

"கால் போகல."

குட்டிகள் இரண்டும் குடிசையைச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு ஓடைப் பக்கம் போகத் தொடங்கின. சேவுகர் பழக்கத்தில் நாக்கை மடித்து விசில் அடித்தார். அவை போய்க்கொண்டே இருந்தன. அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை நாயைக் கூப்பிட்டு வரவைக்கிறதுதான் அம்மா. கையில வேலையும் இல்ல, வயசும் போயிருச்சு. கூப்பிட்டா கேக்காத ஒண்ணை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்?"

"கூப்பிடாதீங்க" என்றார் உலகம்மை. "கிட்டப் போய்த் தொடுங்க."