வெறுந்தரை மிதிப்பு

வறுமை ஒழிப்புக்கான தையல் பயிற்சி சமுதாயக் கூடத்தில் நடந்தது. தையல் மெஷின்கள் இன்னும் வரவில்லை என்று ஊராட்சித் தலைவர் சொல்லிவிட்டார். அதனால் பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வெறுந்தரையை மிதித்துப் பழகினார்கள்.

அன்று கடைசி நாள். மெஷின் இல்லையென்றால் மறுபடியும் கல்குவாரிக்குத்தான் போகவேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் தலைவர் முடிவுரை பேச வந்தார்.

“மெஷினை யாரோ அமுக்கிட்டாங்கன்னு பேசிக்கிறீங்களாமே? இருக்கிற இடத்தைச் சொல்லுங்க, இப்பவே எடுத்துத் தர்றேன்” என்று சிரித்தார்.

கல்லுடைக்கிற ஒச்சம்மா எழுந்தாள்.

“எங்களுக்குத் தெரியாதுங்க தலைவரே. எங்ககூட இங்க தையல் படிச்ச சீனித்தாயிக்குத் தெரியுமாம்.”

“அவதான் போன வாரம் செத்துட்டாளே!”

“ஆமாங்க. உசுரு போகையில ‘போறேன்’னு சொல்லலை, ‘வர்றேன்’னுதான் சொன்னா. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம், மெஷின் இருக்கிற வீட்டுக்கு வந்து உக்காந்து தைப்பாளாம். இன்னிக்கு வெள்ளி.”

பெண்களின் கால்கள் தரையை மிதித்துக்கொண்டிருந்தன.

தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஏய், வீட்ல என் மக பிள்ளைத்தாச்சியா இருக்காடி!”

“உங்க வீடுன்னு நான் சொல்லலையே, தலைவரே.”

தலைவரின் கை தானாக இடுப்புக்குப் போனது. வீட்டுப் பின்கட்டுச் சாவியை அவிழ்த்து அவளிடம் நீட்டினார்.

ஒச்சம்மா முன்னால் நடக்க, பெண்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஆளில்லாத கூடத்துக்குள் தரையை மிதிக்கும் சத்தம் நிற்கவில்லை.