பெஞ்சுக்கு மேலே ஒரு விளக்கு

இளவழுதி தன் வீட்டு மாடியறையை ஸ்டுடியோவாக மாற்றினான். அறையோ குறுகல். ஸ்டாண்டு வைத்து விளக்குகளை நிறுத்தினால் ஆள் உட்கார இடமிருக்காது. அதனால் மேலே இரண்டு இரும்புக் குழாய்களைப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய விளக்கைத் தொங்கவிட்டான். ஒன்று நாற்காலிக்கு மேலே. இன்னொன்று பெஞ்சுக்கு மேலே.

மறுநாள் காலை நகர்மன்றத் தலைவர் வருவதாக இருந்தது. தலைவர் நாற்காலியில் உட்காருவார். துப்புரவு வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் பெஞ்சில் உட்காருவார்கள். துப்புரவு என்ற பெயரைத் தூய்மை என்று மாற்றி வைத்ததற்காக ஊரெங்கும் பேனர் கட்டப்போகிறார்கள். அந்தப் பேனருக்கான படம். பெயரைத்தான் மாற்றினார்கள். அந்தப் பெண்களின் கைகளுக்கு உறை இன்னும் வந்து சேரவில்லை.

படம் நன்றாக வந்துவிட்டால் நகராட்சி விழாக்கள் அத்தனையும் இளவழுதிக்கு. அடுத்தவனின் கேமராப் பையைச் சுமந்துகொண்டு கல்யாண மண்டபம் மண்டபமாக அலையும் பிழைப்பு அதோடு ஒழியும்.

மத்தியானம் அஞ்சுகம் வந்தாள். அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள். ஊர்வலங்களைப் படமெடுக்க மின்கம்பத்தில் ஏறியவள். தடியடியில் மண்டை உடைந்தபோதும் கேமராவை விடாதவள். அவள் எடுத்த படங்களால் தலைவர்களானவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் பிறகு அவளை வா என்று கூப்பிட்டதில்லை. அவளும் போய் நின்றதில்லை.

"அக்கா, மாட்டினது சரியா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

அஞ்சுகம் செருப்பைக் கழற்றினாள். புடவையை இழுத்துச் செருகினாள். தலைவரின் நாற்காலியில் ஏறி, மேலே இருந்த குழாயை இரண்டு கைகளாலும் பற்றி, காலை மடக்கினாள்.

அந்தரத்தில் தொங்கினாள்.



குழாய் அசையவில்லை.

"நல்லாத்தான் மாட்டியிருக்கே," என்றாள் தொங்கியபடியே.

"பின்னே? ஃபால்ஸ் சீலிங்கை அறுத்து, அதுக்கு மேலே கான்கிரீட்டுல துளை போட்டு, போல்ட் முறுக்கியிருக்கேன். அது கழண்டாலும் தாங்கிக்க ஒரு சங்கிலி வேற. யானையே வந்து தொங்கலாம்."

"யானை நாளைக்குத்தானே வருது."

அவன் சிரித்துவிட்டான். அவள் இறங்கினாள். நேரே பெஞ்சுப் பக்கம் போய், அதன்மேல் ஏறி, அங்கிருந்த குழாயை நோக்கிக் கைகளை நீட்டினாள்.

"வேண்டாம்!"

அந்த அலறல் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது அவனுக்கே பிறகுதான் உறைத்தது.

"ஏன்டா?"

"அது... அது விளக்கைத் தாங்கும்க்கா. ஆளைத் தாங்காது."

"விளக்கைத் தாங்குமா?"

அவள் பெஞ்சை விட்டு இறங்கினாள். மூலையில் கிடந்த குடையை எடுத்தாள். தள்ளி நின்றுகொண்டு, குடையின் வளைந்த கைப்பிடியைக் குழாயில் மாட்டி, தொட்டிலை ஆட்டுவது போல மெல்ல ஆட்டினாள்.

முதலில் வெள்ளைத் தூள் கொட்டியது. பிறகு சீலிங்கில் ஒரு பெரிய துண்டு பெயர்ந்து, குழாயும் விளக்கும் ஒன்றாகப் பெஞ்சின்மேல் வந்து விழுந்தன. வீடே அதிர்ந்தது. கண்ணாடித் துண்டு ஒன்று அவன் கால்வரைக்கும் தெறித்து வந்தது.



இளவழுதி பெஞ்சைப் பார்த்தான். யார் யார் எங்கே உட்காரவேண்டும் என்று காலையில் சாக்பீசால் கோடு போட்டிருந்தான். மூன்றாவது கோட்டின்மேல் பலகை குழிந்துபோயிருந்தது. அங்கே உட்காரவேண்டிய பெண்ணின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. உயரத்தை மட்டும் கேட்டு வைத்திருந்தான்.

"இதை எதுலடா மாட்டினே?"

"சீலிங் பலகையிலேயே ஸ்க்ரூ போட்டேன். கான்கிரீட்டைக் குடையறதுன்னா கை விட்டுப்போகுது. கண்ணு பூரா தூசி. நேரமும் இல்ல. சத்தியமா விழும்னு நினைக்கலக்கா."

"நினைக்கலையா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்கு அலறினே?"



அஞ்சுகம் உடைந்த விளக்கைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பெஞ்சை இழுத்து முதல் விளக்குக்கு அடியில் போட்டாள். தலைவரின் நாற்காலியைத் தூக்கி வந்து, சீலிங் பெயர்ந்து ஓட்டையாக நின்ற இடத்துக்கு நேர் கீழே வைத்தாள்.

"தலைவர் இங்கே உட்காரட்டும். இன்னொரு விளக்கு வச்சிருக்கே இல்ல? மாட்டு."

அவன் மாட்டினான். சாயங்காலம் வரை ஏணியை விட்டு இறங்கவில்லை. சீலிங்கை அகலமாக அறுத்தான். கான்கிரீட்டைக் குடைந்தான். கண்ணில் தூசி விழுந்தது, துடைத்துக்கொண்டு குடைந்தான். உள்ளங்கை கொப்புளித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு குடைந்தான். இரண்டு போல்ட் போதும் என்ற இடத்தில் நான்கு முறுக்கினான். சங்கிலி போட்டான். அந்தச் சங்கிலியும் அறுந்தால் என்ன செய்வது என்று யோசித்து, இன்னொன்றும் போட்டான். பிறகு தானே குழாயைப் பிடித்துத் தொங்கி, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தான்.

கீழே குதித்தபோது அவன் முகமெல்லாம் சுண்ணாம்பு. அதற்குள் ஒரு சிரிப்பு.

"இப்போ பாருங்கக்கா!"

அஞ்சுகம் அண்ணாந்து பார்த்தாள். போல்ட்டுகளைப் பார்த்தாள். சங்கிலிகளைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

பிறகு தலைவரின் நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டாள். பெஞ்சை இழுத்து வந்து புது விளக்கின் அடியில் சேர்த்தாள்.

இளவழுதி பதறிப்போனான்.

"அக்கா, என்ன பண்றீங்க? தலைவர் இங்கேன்னுதானே சொன்னீங்க?"

"பழைய இடமே நல்லா இருக்குடா. பொம்பளைங்க இங்கேயே உட்காரட்டும்."

"அய்யோ, நாலு போல்ட்டுக்கா! கையைப் பாருங்க, தோலே உரிஞ்சுபோச்சு! இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

அவன் வாய் பாதியில் நின்றது. கண் பெஞ்சின் குழிந்த பலகைக்குப் போனது.

அஞ்சுகம் செருப்பை மாட்டிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுடா. தெரிஞ்சிருந்தா?"